செத்த வீட்டில் நீட்டாத அழைப்பாணை

அன்று பந்தலுக்குள் இருந்தவர்கள் இவர்கள்.

பெட்டிக்குள் செத்தவர். எண்பது தாண்டிய மனிதர். நோய் நொடி இல்லாமல் போனவர்.

தலைமாட்டில் அவருடைய மனைவி. அழுது முடித்து, கையில் விசிறியோடு இருந்தார்.

அவருடைய பெண்பிள்ளைகள் இரண்டு பேர்.

மூத்த மருமகன் நவம் முதலாளி. நிலாவெளிப் பக்கம் கடற்கரையில் ஹோட்டல் வைத்திருக்கிறவர். பந்தல், கதிரை, மேளம், வாகனம் எல்லாம் அவர் பொறுப்பு.

இளைய மருமகன். மூத்தவர் சொன்னதைச் செய்துகொண்டு திரிந்தவர்.

ஒரு வங்கி மனேஜர். நவம் முதலாளியின் காசோலைகளைக் கணக்கில் காசில்லை என்று திருப்பியது இவருடைய கிளை. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்து கதைத்தார்கள்.

எனக்கு வேலை பழக்கிய பெரியவர். பெயர் வேண்டாம். அப்போது ஓய்வு பெற்று ஏழு வருடம்.

நஸீர். கிண்ணியாக்காரன். என்னோடு வேலை செய்தவன். முதலாளி இங்கே நிற்கிறார் என்று எனக்குப் போன் அடித்தவன் அவன்தான்.

கடைசியாக நான். என் சட்டைப்பையில் நவம் முதலாளியின் பெயருக்கு ஓர் அழைப்பாணை.

நான் பிஸ்கால் வேலை செய்தவன். நீதிமன்றம் தருகிற கடதாசியைக் கொண்டுபோய் ஆளின் கையில் கொடுக்கிற வேலை. புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்பு. நீட்டி எழுத வராது. கடதாசி எப்படி மடிப்பது, எங்கே கையெழுத்து வாங்குவது என்பதெல்லாம் கந்தோரில் சொல்லித் தருவார்கள். நான் செய்த பிழையை அங்கே சொல்லித் தரமாட்டார்கள். அதனால் அதை எழுதுகிறேன்.

வழக்கு இதுதான்.

கட்டைபறிச்சானில் கமலவேணி என்று ஒரு பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினொரு வீட்டில் எருமைப்பால் எடுத்துத் தயிர் போட்டு விற்கிறவர். அந்தப் பதினொரு வீட்டுக்கும் எருமையைத் தவிர வேறு வருமானம் பெரிதாக இல்லை. அவர்களுக்குக் கமலவேணியின் வாய்ச்சொல்தான் பத்திரம். தயிரில் பெரும்பகுதி நவம் முதலாளியின் ஹோட்டலுக்குப் போனது. மாதம் முடிய முதலாளி பின்திகதி போட்டு ஒரு காசோலை கொடுப்பார். ஐந்து மாதம், ஐந்து காசோலை. ஒன்பது இலட்சத்து அறுபதாயிரம். ஐந்தும் திரும்பின.

வெள்ளைக்காரன் அந்தத் தயிரில் கித்துள் பாணி ஊற்றித் தின்று, படமும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் காசு கொடுத்துத்தான் தின்றான். அந்தக் காசு எங்கே என்று கேட்கத்தான் வழக்கு.

காசோலை வழக்கு முடிய மூன்று வருடம் போகும், நாலும் போகும். கமலவேணிக்கு அது தெரியும். அவருடைய சட்டத்தரணி ஓர் இளம் பெண். அவர் சொன்னார், இந்தியாவில் இதற்கென்று சட்டமே இருக்கிறதாம். வழக்கு முடியுமுன்னே, ஐந்தில் ஒரு பங்குவரை முறைப்பாட்டாளருக்குக் கொடுக்கும்படி எதிரிக்குக் கட்டளை போடலாமாம். எங்களிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் எதிரி கூண்டில் வந்து நின்று, வழக்கைத் தள்ளிவைக்கத் தவணை கேட்டால், முதலில் ஒரு பகுதியைக் கட்டு, பிறகு தவணையைக் கேள் என்று நீதவான் சொல்ல இடமிருக்கிறது. கமலவேணி நம்பியிருந்தது அந்த ஒரு பகுதியைத்தான். முழுக் காசை அல்ல.

ஏனென்றால் ஊருக்குள் லொறி வரத் தொடங்கியிருந்தது. இறைச்சிக்கு மாடு பிடிக்கிற லொறி. பால் காசு வராத வீட்டுக்காரர் எருமையை விற்கத் தொடங்கினால், எருமை போன பிறகு கமலவேணி வழக்கை வென்றும் பயனில்லை. தயிர் போட அவருக்குப் பால் இருக்காது.

எதிரி கூண்டில் வந்து நிற்க வேண்டும். அதற்கு அழைப்பாணை அவர் கைக்குப் போக வேண்டும். அதைக் கொண்டுபோகிறவன் நான். இவ்வளவுதான் சங்கதி.

முதல் தடவை ஹோட்டல் கேற்றில் காவல்காரன், "முதலாளி கொழும்புக்குப் போயிட்டார்" என்றான். கடதாசியை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். காவல்காரன் வீட்டாள் இல்லை என்று எதிர்ப்பக்கச் சட்டத்தரணி எழும்பிச் சொன்னார். கொடுத்தது செல்லாமல் போனது. இரண்டாம் தடவை வீட்டுக்குப் போனேன். மனைவி கதவு நீக்கலுக்குள் நின்று, "அவர் இஞ்ச இருக்கிறேல்ல" என்றார். பின்னால் உள்ளே யாரோ இருமினார்கள். நான் இருமலைக் கேட்டேன். ஆனால் அறிக்கையில் "ஆள் இல்லை" என்று எழுதினேன். இருமலை எப்படி அறிக்கையில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதியிருக்கலாம். ஒளிக்கிறார் என்று எழுதியிருந்தால் பிடியாணைக்கு வழி இருந்திருக்கும். மூன்றாம் தடவையும் கொழும்புதான். இந்த மாவட்டத்தில் காசோலை கொடுத்தவர்கள் எல்லாரும் உண்மையாகவே கொழும்புக்குப் போயிருந்தால் கோட்டை ஸ்ரேசனில் நிற்க இடம் இருக்காது.

இப்போது உங்களில் சிலர் கேற்றைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து "ஆள் இல்லை" எழுதுகிறீர்களாம். கேற் இருந்ததற்கு அது அத்தாட்சி. ஆள் இல்லாததற்கு அல்ல.

மூன்று அறிக்கையையும் பார்த்து நீதவான் என்னைக் கூப்பிட்டார்.

"கையிலேயே குடுத்திட்டு வாரும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகுதான் செத்த வீடு வந்தது. நஸீர் போன் அடித்தான். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் வேலையில் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. செத்த வீட்டில் கடதாசி நீட்டுவதில்லை. கலியாண வீட்டிலும் இல்லை. கோயில் வீதியிலும் இல்லை. எந்தச் சட்டத்திலும் அது கிடையாது. நாங்களே வைத்துக்கொண்டது. எனக்கு அதைப் பழக்கியவர் அந்தப் பெரியவர்தான். அவரே பந்தல் வாசலில் நின்றார். என் சட்டைப்பை துருத்திக்கொண்டு நின்றதை அவர் கண்டுவிட்டார். பழைய ஆள்.

"ஆருக்கு?"

"நவத்தாருக்கு."

"இஞ்ச வேண்டாம்."

"மூண்டு தரம் திரும்பியிட்டன் ஐயா."

"நாலாந்தரமும் திரும்பு. பிரேதம் கிடக்குது. நாங்கள் இந்த ஊரில சீவிக்கிறனாங்கள். கடதாசி நாளைக்கும் குடுக்கலாம்."

நாளைக்குக் கொடுக்கலாம். அப்படித்தான் சொன்னார். அந்த நாளைக்குக் காசு கட்டப்போவது யார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் போய்க் கடைசி வரிசைக் கதிரையில் இருந்தேன். நஸீர் பக்கத்தில் வந்து இருந்தான்.

"என்ன அண்ணன், குடுக்கல்லயா?"

"செத்த வீடடா."

"எங்கட மையத்து வீட்டில எண்டா, மௌத்தானவர் ஆருக்கும் கடன் குடுக்க இருக்கா எண்டு கேட்டுப்போட்டுத்தான் தூக்குவாங்க. கடன் குடுத்தவன முன்னுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுவாங்க."

"அது செத்தவரின்ர கடன். இது செத்தவரின்ர இல்ல."

"அப்ப இன்னும் லேசுதானே. இவர் எழும்பி நிக்கிறார்."

அவன் சொன்னது பகிடிதான். ஆனால் அந்தப் பந்தலுக்குள் நியாயமாகக் கதைத்தவன் அவன் ஒருவன்தான்.

நவம் முதலாளி என்னைக் கண்டார். நான் யார் என்று அவருக்கு நல்லாகத் தெரியும். காவல்காரன் சொல்லியிருப்பான். முகத்தில் ஒரு கணம் ஏதோ ஓடியது. பெரியவரைப் பார்த்தார். பெரியவர் கண்ணால் ஒன்றுமில்லை என்று காட்டினார். முதலாளியின் முகம் சரியாகிவிட்டது. வழக்கம் அவருக்கும் தெரிந்திருந்தது. எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

தட்டில் சோடாப் போத்தல்களை அடுக்கிக்கொண்டு அவரே வந்தார். முன்வரிசைக்கு இளைய மருமகன் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னுடைய வரிசைக்கு முதலாளி தானே வந்தார்.

"எடுங்கோ அண்ணே. நல்ல வெயில்."

அவர் கை என் கைக்கு ஒரு சாண் தூரம். மற்றக் கையில் தட்டு. ஓடவும் முடியாது, மறைக்கவும் முடியாது. போத்தலை எடுக்கிற நேரத்தில் கடதாசியை அந்தத் தட்டில் வைத்திருக்கலாம். ஒரு சொல்கூடத் தேவையில்லை.

நான் சோடாவை எடுத்தேன். குடித்தேன். "தாங்ஸ்" என்றும் சொன்னேன்.

அடுத்த தவணைக்கு வழக்குக் கூப்பிட்டார்கள். எதிரி இல்லை. அழைப்பாணை கொடுபடவில்லை. நீதவான் இரண்டு மாதத்துக்குத் தள்ளினார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

வெளி விறாந்தையில் கமலவேணி நின்றார். பை ஒன்றை அக்குளில் இடுக்கியிருந்தார். நேரே என்னிடம் வந்தார்.

"ஐயா, நீங்கள் அவரைக் கண்டனீங்களாம்."

ஊரில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். நான் பொய் சொல்லவில்லை.

"ஓம். கண்டனான்."

"பக்கத்திலயோ?"

"பக்கத்திலதான்."

"குடுக்கேல்லயோ?"

"செத்த வீடம்மா."

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அதைவிட மோசம். விலை கேட்டுப் பார்த்துவிட்டு மீனைத் திரும்பக் கூடைக்குள் போடுகிற பார்வை.

"அண்டைக்கு எங்கட பட்டியில பதினொரு வீட்டிலயும் சேத்து நாப்பத்தொரு எருமை நிண்டது. லொறி திரும்பவும் வரப்போகுதாம். ஒரு பங்குக் காசைக் காட்டினால் சனம் பொறுக்கும், நான் கேட்டு வச்சிருக்கிறன். இன்னும் ரெண்டு மாசம் பொறுக்காது. எருமை ஏத்துற அண்டைக்கும் வாங்கோ. எங்களிட்டயும் சோடா இருக்கு."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூதூர் பஸ் பிடிக்க வேண்டும் அவருக்கு.

அன்று பின்னேரம் பெரியவரிடம் போனேன். அவர் கிணற்றடியில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"மனுசி சொல்லத்தான் செய்யும். அதுக்காக?"

"அவர் எங்கட வழக்கத்துக்குள்ள வந்து ஒளிச்சிருக்கிறார் ஐயா."

"ஆர் ஒளிச்சாலும் வழக்கம் வழக்கம்தான். சண்டைக் காலத்தில எத்தனை வீட்டுக்கு நான் கடதாசி கொண்டுபோனனான் தெரியுமோ? ஒருத்தன் என்னில கை வைக்கேல்ல. ஏன்? எங்க குடுக்கக் கூடாது எண்டு எனக்குத் தெரியும்."

அது உண்மை. அவரில் யாரும் கை வைக்கவில்லை. ஆனால் ஒன்றைப் பிறகு யோசித்தேன். கை வைக்கக்கூடியவர்களுக்கு மட்டும்தான் அந்த வழக்கம் காவல் நின்றது. காசுக்காரன் வீட்டில் செத்தால் பந்தல் பெரிது, சனம் பெரிது, மரியாதையும் பெரிது. ஒரு கூலிக்காரன் வீட்டுச் செத்த வீட்டில், நகை அடகுக்கடை வழக்குக்கு நானே கடதாசி கொடுத்திருக்கிறேன். ஒருவரும் இங்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது செத்த வீடு என்று அப்போது எனக்கும் ஞாபகம் வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் இதை எழுதிப் பயனில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. மத்தியானச் சாப்பாட்டுக்கு ஊரைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. முதலாளிக்கு என்னைப் பிடித்துப் போய்விட்டது போல.

போனேன். மேசை போட்டு, வாழையிலை விரித்து, ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். பெரியவர் முதல் பந்தியில் இருந்தார். நவம் முதலாளி சாம்பார் வாளியோடு நின்று உபசரித்துக்கொண்டிருந்தார். புதுத் தவணை போட்ட அழைப்பாணை என் சட்டைப்பையில் இருந்தது. இருபத்தாறு வருடம் வேலை செய்தவன். நாய் கடித்திருக்கிறது, ஒருவன் கத்தியோடு துரத்தியிருக்கிறான். அப்போதெல்லாம் இப்படிப் பயப்படவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஊர் வழக்கத்தை மீறுவது வேறு பயம்.

நேரே போய் முன்னால் நின்றேன்.

"நவத்தார், இது நீதிமன்ற அழைப்பாணை. உங்களுக்கு."

சத்தமாகத்தான் சொன்னேன். மெதுவாகச் சொன்னால் பிறகு கேட்கவில்லை என்பார். கடதாசியை வாளி பிடித்த கையில் வைத்து அழுத்தினேன்.

கரண்டிச் சத்தம் எல்லாம் நின்றது.

இளைய மருமகன் வந்து என் சட்டைக் கொலரைப் பிடித்தான். "உனக்கு நாள் கிழமை இல்லையோடா? சோறு தின்ன வந்த இடத்தில..."

"இன்னும் தின்னேல்ல தம்பி. கையை எடும். எடுத்தபிறகு கதைப்பம்."

எடுக்கவில்லை. பின்னால் யாரோ, "அடிச்சுக் கலையுங்கோ" என்றார்கள். பெரியவர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது உள்ளேயிருந்து செத்தவரின் மனைவி வந்தார். வெள்ளைச் சேலை. கூட்டம் விலகியது. நான் நினைத்தேன், சரி, இவர் சாபம் போடப்போகிறார், வாங்கிக்கொண்டு போவோம் என்று.

"என்ன கடதாசி அது?" என்று கேட்டார். என்னிடம்தான் கேட்டார்.

"செக் வழக்கம்மா. தயிர் வாங்கின காசு."

"எவ்வளவு?"

சொன்னேன்.

"ஆரின்ர தயிர்?"

"கட்டைபறிச்சானில ஒரு பிள்ளையின்ர."

அவர் மூத்த மருமகனைத் திரும்பிப் பார்த்தார். நீண்ட நேரம் இல்லை.

"மனுசன் ஒரு சதம் கடன் ஒருத்தருக்கும் வைக்காமல் போனவர். அவரின்ர பேரில சோறு போடுற இடத்தில நிண்டு என்னத்துக்கு முழிக்கிறீர்? வாளியைக் கீழ வச்சிட்டுக் கையெழுத்தைப் போடும்." பிறகு இளையவனைப் பார்த்து, "கொலரை விடடா" என்றார்.

விட்டான். முதலாளி கையெழுத்துப் போட்டார். பேனா என்னுடையது.

எந்த மனுசியின் துக்கத்துக்கு மரியாதை என்று நான் ஒரு மாதம் முன்பு சும்மா இருந்தேனோ, அந்த மனுசி இதைத்தான் சொன்னார். அவரிடம் அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நாங்கள் ஆம்பிளைகள் எங்களுக்குள் கண்ணால் பேசி முடித்துவிட்டோம்.

பெரியவர் கை கழுவிவிட்டு வெளியே வந்தார்.

"நான் உனக்குப் பழக்கினது இதில்லை."

"ஓம் ஐயா. இதை நீங்கள் பழக்கேல்ல."

அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைத்ததில்லை. சாகும்வரைக்கும். அவருடைய செத்த வீட்டுக்கும் போனேன். நல்ல மனிதர். ஒரு விசயத்தில் பிழை. அந்தப் பிழையை எனக்குத் தந்துவிட்டுப் போகப் பார்த்தார்.

தவணை வந்தது. நவம் முதலாளி கூண்டில் நின்றார். அவருடைய சட்டத்தரணி கொழும்பு ஆள். ஹோட்டல் தொழில் விழுந்துவிட்டது, வெளிநாட்டுக்காரர் வருவதில்லை, ஆறு மாதம் தவணை வேண்டும் என்று இங்கிலீசில் சொன்னார். கமலவேணியின் சட்டத்தரணி எழும்பினார். தவணை கேட்பவர் ஒரு பங்கைக் கட்டிவிட்டுக் கேட்கட்டும் என்றார். நீதவான் யோசிக்கவில்லை. ஐந்தில் ஒன்றை இன்றைக்குக் கட்டினால் தவணை, இல்லாவிட்டால் பிணை பற்றி வேறு மாதிரி யோசிக்க வேண்டிவரும் என்றார்.

ஒரு இலட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். தொழில் விழுந்த மனிதர் அதை எப்படிக் கட்டினார் தெரியுமா? வெளியே நின்ற வாகனத்துக்கு ஆள் அனுப்பினார். முன் இருக்கைப் பெட்டிக்குள் இருந்தது. இருபது நிமிடம் போகவில்லை. எண்ணிக்கூடப் பார்க்கவில்லை, கட்டாகவே கொடுத்தார். அந்தக் கட்டு எத்தனை மாதமாக அந்தப் பெட்டிக்குள் கிடந்ததோ தெரியாது. செத்த வீட்டு வாசலிலும் அதே வாகனம்தான் நின்றது.

இப்படியானவர்களுக்கு முழுத் தீர்ப்பில் பயமில்லை. தீர்ப்பு தூரத்தில் இருக்கிறது. மகன் வெளிநாடு போவான், சட்டத்தரணி மாறுவார், முறைப்பாட்டாளர் களைத்துவிடுவார். இன்றைக்குக் கொஞ்சம் கட்டு என்றால்தான் அவர்களுக்குச் சுடும். அந்த இன்றைக்கு வருவது உங்கள் கையால்தான். நீதவானால் கூண்டில் நிற்காதவனிடம் ஒன்றும் கேட்க ஏலாது. நீங்கள் மரியாதைக்காக விடுகிற ஒவ்வொரு நாளையும் யாரோ ஒருவர் தன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். அந்த ஆள் உங்களுக்கு சோடா கொடுத்த ஆள் இல்லை.

கமலவேணி காசைப் பையில் போட்டார். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றார்.

"குடுத்தீங்களாம்."

"ஓம்."

"சாப்பிட்டீங்களோ அங்க?"

"இல்லை."

"அதுவும் நல்லது" என்றார். சிரித்த மாதிரி இருந்தது. நிச்சயமாகத் தெரியாது.

லொறி வந்துபோனதா, அந்த நாற்பத்தொரு எருமையும் நிற்கிறதா என்று கேட்க வாய் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலையும் இல்லாமல் மூதூர் பஸ் ஏறினேன். கட்டைபறிச்சானில் இறங்கி, பால் எடுக்கிற வீடுகள் எந்தப் பக்கம் என்று கேட்டு நடந்தேன். கமலவேணி வீட்டுக்குப் போகவில்லை. போய் என்ன சொல்வது? வயல் தாண்டி ஒரு சேற்றுக் குளம். பதினொரு வீட்டு எருமையும் பகலில் அங்கேதான் கிடக்கும் என்று ஒரு கிழவர் சொன்னார். வேறு இடத்தில் நிற்குமோ என்று கேட்டேன். நிற்காது என்றார். கரையில் நின்று தலைகளை எண்ணினேன். சில தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடந்தன. பொறுத்திருந்து, எல்லாம் எழும்பிக் கரையேறும்போது திரும்பவும் எண்ணினேன்.

பதினேழு.